சைக்கிளை விட்டு இறங்கி நடந்தவர்கள்

தெரு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கும், அவர்களில் ஒருத்தியான என் மகளுக்கும் இதை எழுதுகிறேன். போன மாதம் எங்கள் வீட்டில் நீங்கள் நாலைந்து பேர் கூடியிருந்து கொத்துரொட்டி சாப்பிட்டபடி பெரிய வாக்குவாதம் செய்தீர்கள். சைக்கிள் பாதையை ஆற்றோரமாக மரங்களுக்குள்ளால் தனியே போடுவதா, அல்லது தெருவிலேயே கோடு கீறி விடுவதா என்பதுதான் பேச்சு. முதலாவதைப் பாத் என்றீர்கள், மற்றதை லேன் என்றீர்கள். ஒருவர் கணினியில் படம் காட்டினார். இன்னொருவர் வேறு நாட்டு நகரங்களை இழுத்து வந்தார். நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றேன். மகள் திரும்பி, "அப்பா, நீங்களும் உந்த வேலையிலை கன வருசம் இருந்தனீங்கள்தானே. சொல்லுங்கோவன், பாத் நல்லதோ, லேன் நல்லதோ?" என்று கேட்டாள். "யோசிச்சுச் சொல்லுறன் பிள்ளை" என்றேன். எல்லோரும் சிரித்தீர்கள். அப்பா தப்பித்துவிட்டார் என்று நினைத்திருப்பீர்கள்.

யோசித்த பதில் இதுதான். கொஞ்சம் நீளம். நான் ஊரில் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், சுருக்கமாக எழுதத் தெரியாது. உங்களில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். ரொறன்ரோ இன்னும் ஒரே நகரமாகச் சேர்க்கப்படாத காலம். ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியே நகரசபை இருந்தது. எந்தச் சபை, எந்தத் தெரு என்று எழுதாமல் விடுகிறேன். இந்தக் கதையில் வருகிறவர்கள் பலர் இன்னும் இருக்கிறார்கள்.

முதல் வேலை ஆற்றோரப் பாதை போடுவது. பற்றை வெட்டுவோம், கல் பரப்புவோம், பிறகு தார் வரும். எங்கள் மேற்பார்வைக்காரர் ஒரு போர்த்துக்கேயர். அவருடைய ட்ரக்கின் பின்னால் எப்போதும் ஒரு பழைய சைக்கிள் கிடக்கும். பாதையில் ஒரு துண்டு முடிந்ததும் எங்களில் ஒருவரை அதில் ஏற்றி விடுவார். நின்று பார்க்கும்போது தெரியாத பள்ளம் சைக்கிள் சீற்றில் இருந்தால் தெரியும் என்பது அவருடைய கொள்கை. அப்படி ஒருநாள் என்னை ஏற்றினார். கனடாவுக்கு வந்த பிறகு நான் முதன்முதல் சைக்கிள் ஓடியது அன்றுதான். தலையில் தொப்பி, காலில் இரும்பு வைத்த சப்பாத்து, மேலே செம்மஞ்சள் மேற்சட்டை. இரண்டு பக்கமும் மரங்கள், ஒரு கார் இல்லை, ஓர் ஒலி இல்லை. போர்த்துக்கேயர் போதும் என்று கையைக் காட்டியும் நான் நிற்கவில்லை, வளைவு தாண்டிப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது அவர் ஏசவில்லை. "பள்ளம் இருந்ததா?" என்று மட்டும் கேட்டார். "தெரியவில்லை" என்றேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

பிறகு அதே பாதையில்தான் உன்னையும் உன் அண்ணாவையும் சைக்கிள் பழக்கினேன், மகளே. ஆகவே நான் ஆற்றோரப் பாதையின் பக்கத்து ஆள். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

சில வருடங்களில் என்னைத் தெருப் பகுதிக்கு மாற்றினார்கள். ட்ரக் ஓடுவது, கூம்பு வைப்பது, பலகை நடுவது, வாகனம் எண்ணுகிறவர்களைக் கொண்டுபோய் இறக்குவது எல்லாம் என் வேலை. அங்கேதான் நான் இன்றைக்கும் நன்றியோடு நினைக்கிற ஒரு பெண்மணியின் கீழ் வேலை செய்தேன். அவர் திட்ட அதிகாரி. தன் பெயர் எங்கும் வருவதை விரும்பாதவர், ஆகவே பெயர் எழுதவில்லை. மெலிந்த, உயரமான வெள்ளைக்காரப் பெண். குளிர் தொடங்கினால் மூக்கு நுனி சிவந்துவிடும். யாரிடமும் சத்தம் போட்டுக் கதைத்ததை நான் கேட்டதில்லை.

எங்கள் சபையின் ஒரு பக்கத்தில் எங்கள் சனங்கள் நிறைய இருந்த உயரமான அடுக்குமாடிகள் சில இருந்தன. அவற்றுக்குக் கிழக்கே, ரயில் பாலத்துக்கு அப்பால், தொழிற்சாலைகள். வெதுப்பகம், பிளாஸ்டிக், பெட்டி செய்யும் இடம் என்று வரிசையாக. மாடிகளிலிருந்து அங்கே போக ஒரு சைக்கிள் வழி வேண்டும் என்று சபை முடிவு செய்தது. இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, ஏற்கனவே இருந்த ஆற்றோரப் பாதையை நீட்டி, மின்சாரக் கம்பிகளுக்குக் கீழால் சுற்றிக் கொண்டுபோய் தொழிற்சாலைகளுக்குப் பின்னால் விடுவது. மற்றது, நேரே போகிற தெருவில் இரண்டு பக்கமும் கோடு கீறி, காரோடு காராகச் சைக்கிளுக்கும் இடம் கொடுப்பது. இரண்டையும் செய்ய வழியில்லை. ஒன்றுதான்.

தெருவில் இப்போது எத்தனை பேர் சைக்கிள் ஓடுகிறார்கள் என்று பார்க்க எண்ணுகிறவர் ஒருவரை இருத்தினோம். நான்தான் அவரைப் பாலத்துக்குக் கிட்ட இறக்கி, கதிரை வைத்து, கூம்பு வைத்து, பக்கத்தில் மஞ்சள் விளக்கைச் சுழல விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போனேன். அவரும் செம்மஞ்சள் மேற்சட்டை, தலையில் தொப்பி, மடியில் பலகை என்று ஒழுங்காக இருந்தார். நல்ல மனிதர், கண் பிசகாதவர். பல நாட்கள் எண்ணினார். முடிவு என்னவென்றால், அந்தத் தெருவில் சைக்கிள் ஓடுகிறவர்கள் இல்லை என்றே சொல்லலாம். நடந்து போகிறவர்கள்தான் நிறைய.

ஆகவே திட்ட அதிகாரி ஆற்றோரப் பாதையே நல்லது என்று மேலே எழுதினார். கூட்டம் வைக்க நாளும் குறித்தாயிற்று. எல்லாருக்கும் சந்தோசம். கார்க்காரருக்குச் சந்தோசம், நாய் கூட்டிக்கொண்டு நடக்கிற வயோதிபர்களுக்குச் சந்தோசம். எனக்கோ சொல்லத் தேவையில்லை.

கூட்டத்துக்கு முந்திய கிழமை, பாதை தொழிற்சாலைப் பக்கம் எந்த இடத்தில் வெளியே வரும் என்று பார்க்க நானும் அவரும் போனோம். வெதுப்பகத்தின் பின்புறக் கம்பி வேலியைக் கண்டதும் அவர் ட்ரக்கை நிறுத்தச் சொன்னார். வேலி நெடுகச் சைக்கிள்கள். சங்கிலி போட்டவை, கயிற்றால் கட்டியவை, சீற்றில் பிளாஸ்டிக் பை சுற்றியவை. பின்னால் பிள்ளை இருத்தும் கூடை வைத்ததும் ஒன்று.

"இவை எந்த வழியால் வந்தன?" என்று கேட்டார்.

"இங்கே வர ஒரே ஒரு வழிதான், மிஸ். அந்தத் தெரு."

"அந்தத் தெருவில் சைக்கிளே இல்லை என்று நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்."

அவர் நினைத்திருந்தால் எண்ணினவரைக் குறை சொல்லியிருக்கலாம். பலர் அப்படித்தான் செய்வார்கள். அவர் செய்தது வேறு. "நாளைக்கு விடிய என்னை ஏற்றுங்கள். உங்கள் சொந்தக் காரில் வாருங்கள். அந்த மேற்சட்டை வேண்டாம்" என்றார்.

பாலத்துக்கு எதிரே ஒரு டோனட் கடை. அடுத்த நாள் வெளிச்சம் வர முன்னமே கண்ணாடிக்குக் கிட்ட கோப்பியோடு இருந்தோம். எண்ணுகிறவர் அன்றைக்கு இல்லை. கொஞ்ச நேரத்தில் வந்தார்கள் பாருங்கள். ஒருவர் பின்னால் ஒருவராக, கழுத்தில் மப்ளர் சுற்றி, தொழிற்சாலைக் கோட்டு போட்டுக்கொண்டு. எல்லாரும் எங்கடை சனம்தான். சிலர் தெருவில், சிலர் நடைபாதையில். நான் எண்ணத் தொடங்கி இடையில் விட்டுவிட்டேன். அதிகாரி கோப்பியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றே பார்த்தார்.

மறுநாள் எண்ணுகிறவரைத் திரும்பவும் பழைய இடத்தில் இருத்தினார். நாங்கள் மறுபடியும் டோனட் கடையில். அதே ஆட்கள் வந்தார்கள். பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால், சுழல்கிற விளக்கும் செம்மஞ்சள் சட்டையும் தெரிகிற இடத்தில், முதலாவது ஆள் இறங்கினார். அடுத்தவர் இறங்கினார். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. வரிசையாக இறங்கி, சைக்கிளைக் கையால் தள்ளிக்கொண்டு, எண்ணுகிறவரைப் பார்க்காமல், தலையைக் குனிந்துகொண்டு நடந்து கடந்தார்கள். அவரைத் தாண்டி நல்ல தூரம் போன பிறகுதான் ஏறினார்கள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறவரை நடப்பவராகத்தான் எண்ண வேண்டும் என்பது எங்கள் விதி. அந்த மனிதர் விதிப்படி சரியாகத்தான் எண்ணியிருக்கிறார்.

"ஏன் இறங்குகிறார்கள்?" என்று அதிகாரி என்னைக் கேட்டார். என் சனம் என்றபடியால் எனக்குத் தெரியும் என்று நினைத்தார். எனக்குத் தெரியாது. பாலத்தடி ஒடுக்கம், பயத்தில் இறங்குகிறார்கள் போல என்றேன். "நேற்று ஒருவரும் இறங்கவில்லையே" என்றார். பிறகு ஒரு வார்த்தை சொன்னார். அதைத்தான் நீங்கள் வைத்துக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். "நாம் இரண்டு பேரும் ஊகிக்க வேண்டாம். போய்க் கேட்போம்."

அன்று வேலை விடுகிற நேரம் பார்த்து வெதுப்பக வேலியடிக்குப் போனேன். கூடை வைத்த சைக்கிளின் சொந்தக்காரி யோகராணி என்ற பிள்ளை. முப்பது வயது இருக்கும். தலையில் வலைத்தொப்பி கழற்றாமல் வந்தாள். அதிகாரி கொஞ்சம் தள்ளியே நின்றுகொண்டார்.

"தங்கச்சி, நான் ரோட்டு வேலை செய்யிறனான். ஒண்டு கேக்கலாமோ?"

அவள் சைக்கிள் பிடியை இறுக்கிப் பிடித்தாள். "என்னண்ணை, உதிலை சைக்கிள் கட்டக் கூடாதோ?"

"சீ, அதில்லை. காலமை பாலத்தடியிலை ஏன் இறங்கி நடக்கிறியள் எண்டு கேக்க வந்தனான்."

"அதிலை ஆள் இருக்கிறான் எல்லோ."

"அவன் சும்மா சைக்கிள் எண்ணுறவன்."

"எனக்கென்னெண்டு தெரியும் அண்ணை? யூனிபோம் போட்டிருக்கிறான், லைற் சுத்துது, குறிப்பெடுக்கிறான்." என்னைக் கொஞ்சம் விசித்திரமாகப் பார்த்தாள். "நீங்கள் எப்ப ஊரை விட்டு வெளிக்கிட்டனீங்கள்?"

"எண்பத்துநாலிலை."

"அதுதான். பேந்து சந்திக்குச் சந்தி சென்றி வந்திட்டுது. சென்றியைக் கண்டா இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போகவேணும். ஏறி ஓடினா என்ன நடக்குமெண்டு எங்களுக்குத் தெரியும். இஞ்சை அப்பிடியில்லை எண்டு மனதுக்குத் தெரியுது. காலுக்குத் தெரியேல்லை அண்ணை. அது தானா இறங்குது."

ஊரில் யுத்த நேரம் மண்மூட்டை அடுக்கி ஆமிக்காரர் நிற்கும் காவலரணைத்தான் சென்றி என்போம். நான் அதைப் பத்திரிகையில் வாசித்தவன். அவள் அதைத் தினமும் கடந்தவள். ஒரே ஊர், ஒரே மொழி என்றபடியால் எல்லாம் தெரியும் என்று நான் நினைத்திருந்தேன். அன்றைக்கு அந்த நினைப்பு என்னை விட்டுப் போனது. நல்லதுக்குத்தான்.

சரி, அப்படியானால் மரங்களுக்குள்ளால் வடிவான பாதை ஒன்று வருகிறது, சென்றியும் இல்லை, காரும் இல்லை, அதில் போகலாமே என்றேன் ஆசையாக.

"வேலை துடங்கிற நேரம் தெரியுமே அண்ணை? விடிய வெள்ளன. இவருக்கு இரவு வேலை, பிள்ளையைப் பக்கத்து அன்ரியிட்டை விட்டிட்டு ஓடி வாறன். பஸ் ரெண்டு மாறி வந்தா நேரத்துக்கு வரேலாது. ரெண்டு தரம் பிந்தினாப் பிறகு சைக்கிள் வாங்கினது. இன்னொருக்காப் பிந்தினா வேலை போகும். உந்தக் காட்டுக்குள்ளாலை, இருட்டுக்கை, தனியப் போகச் சொல்லுறியளோ?"

"ரோட்டிலை கார் இடிச்சால்?"

"அந்தப் பயமும் இருக்கு" என்றாள். "ஆனா அது பழகின பயம்."

ட்ரக்கில் ஏறியதும் நான் இதையெல்லாம் அதிகாரிக்குச் சொன்னேன். அவர் முன்கண்ணாடியைப் பார்த்தபடியே கேட்டார். கடைசியில், "பாதை நல்லதென்று நீங்கள் சொன்னீர்கள். நானும் எழுதினேன். அந்த நேரத்தில் அதில் போய்ப் பார்த்தோமா?" என்றார்.

எனக்குப் போர்த்துக்கேயருடைய பழைய சைக்கிள் ஞாபகம் வந்தது. சொன்னேன். அடுத்த நாள் விடிய முன் அதை வாங்கிக்கொண்டு போய் ஏற்கனவே இருந்த ஆற்றோரப் பாதையின் முனையில் இறக்கினேன். நான் ஓடுகிறேன் என்றேன், அவர் விடவில்லை. நீங்கள் ஓடினால் சிரித்துக்கொண்டு வருவீர்கள் என்றார். நான் வளைவு தாண்டிப் போன கதையை யாரோ அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். தானே ஏறிப் போனார். நான் ட்ரக்கைச் சுற்றிக் கொண்டுபோய் பாதை முடிகிற இடத்தில் காத்து நின்றேன். கார்த்திகை மாதம். ஈர இலைகள் பாதையில் ஒட்டிக் கிடந்தன, விளக்கு இல்லை. நேரம் போனது. நான் ட்ரக்கை விட்டு இறங்கி இருட்டுக்குள் பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசியில் வந்தார். முழங்காலில் சேறு, கையில் கீறல்.

"விழுந்தீர்களா?"

"விழுந்தது பெரிய விசயமில்லை" என்றார். "விழுந்த இடத்தில் கொஞ்ச நேரம் இருந்து கேட்டுப் பார்த்தேன். ஒரு மனிதச் சத்தம் இல்லை."

அன்று மத்தியானமே தான் எழுதியதைத் திருப்பி வாங்கினார். மேலதிகாரியோடு கதவைச் சாத்திக்கொண்டு கதைத்தார். வெளியே வந்தபோது மூக்கு மட்டுமல்ல, முகமே சிவந்திருந்தது. கூட்டத்தைத் தள்ளிப் போட மாட்டார்களாம். தெருவில் ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்று கூட்டத்திலேயே நிரூபிக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் ஆற்றோரப் பாதைதான்.

"நான் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு வாறன், மிஸ். மண்டபத்தை நிரப்பிவிடலாம்" என்றேன்.

"வேண்டாம்" என்றார். "இடத்தையும் நேரத்தையும் மட்டும் சொல்லுங்கள். வராவிட்டாலும் ஒன்றுமில்லை என்று அதே மூச்சில் சொல்லுங்கள்."

அவர் சொன்னதன் அருமை யோகராணியிடம் போனபோதுதான் புரிந்தது. அவளுடைய அகதி வழக்கு இன்னும் முடியவில்லை. அரசாங்க ஆட்களுக்கு முன்னால் வாய் திறந்தால் வழக்குக்கு ஏதாவது வந்துவிடுமோ என்ற பயம் அவளுக்கு. அப்படி ஒன்றும் வராது என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் வா என்று நெருக்கியிருந்தால் அதற்குப் பிறகு அவள் எந்தச் செம்மஞ்சள் சட்டையையும் நம்பியிருக்க மாட்டாள். இடத்தையும் நேரத்தையும் சொன்னேன். வராவிட்டாலும் ஒன்றுமில்லை என்றேன். அவள் "ம்" என்றாள். அவ்வளவுதான்.

இதற்குள் செய்தி தெருவோரக் கடைத்தொகுதியான பிளாசாவுக்குப் போய்விட்டது. அங்கே செல்வம் அண்ணைக்கு ஒரு பலசரக்குக் கடை. எனக்கு நல்ல பழக்கம். கோடு கீறினால் கடைக்கு முன்னால் கார் விடுகிற இடம் போய்விடும். கத்தரிக்காய் நிறுத்துக்கொண்டே தொடங்கினார்.

"என்ன காணும், ரோட்டை எல்லாம் சைக்கிளுக்குக் குடுக்கப் போறியளாம். அப்ப நாங்கள் ஆத்திலையோ கார் விடுறது?"

"இன்னும் முடிவாகேல்லை அண்ணை."

"முடிவாகாமலே நீர் விடிய விடிய டோனட் கடையிலை இருக்கிறீர்? மனிசிக்குத் தெரியுமே வெள்ளைக்காரியோடை கோப்பி குடிக்கிறது?"

கடையில் நின்ற எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது? "கூட்டத்துக்கு வாங்கோ அண்ணை, வந்து கதையுங்கோ" என்றேன். "வருவன். நல்லாய்க் கதைப்பன்" என்றார்.

சொன்னபடியே வந்தார். சமூக நிலையத்தின் கூடைப்பந்து மண்டபத்தில் மடக்குக் கதிரைகள் போட்டிருந்தது. நாய் வைத்திருப்பவர்கள் வந்தார்கள், தொழிற்சாலை முதலாளிமார் வந்தார்கள், பிளாசாக் கடைக்காரர் ஒரு வரிசை முழுக்க இருந்தார்கள். சைக்கிள்காரர் ஒருவரையும் காணவில்லை. அதிகாரி எழுந்து, எண்ணியது பிழையாகிவிட்டது என்றார். கவுன்சிலர் ஏன் என்று கேட்டார். அவர் சென்றிக் கதையைச் சொல்லியிருக்கலாம். மண்டபம் இளகியிருக்கும், கைதட்டலும் கிடைத்திருக்கும். அவர் சொல்லவில்லை. "நாங்கள் ஆளை இருத்திய விதம் பிழை. சீருடையில் ஒருவர் இருந்து குறிப்பெடுத்தால் மக்கள் இறங்கத்தான் செய்வார்கள். பொறுப்பு என்னுடையது" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்தார். யோகராணியின் கதை யோகராணிக்குச் சொந்தம் என்று விட்டுவிட்டார். (நானும் அவளிடம் கேட்ட பிறகுதான் இதை எழுதுகிறேன்.) அதை எப்போது நினைத்தாலும் எனக்கு நன்றிதான் வரும்.

மேலதிகாரிக்கு அது போதவில்லை. பாதை என்றே முடிவு எழுதப்படப் போகிற நேரம், பின்வரிசையில் கதிரை அசைகிற சத்தம் கேட்டது. கோட்டையும் கழற்றாமல், வலைத்தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் எழுந்து நின்றாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. நான் மொழிபெயர்க்கப் பக்கத்தில் போனேன்.

கவுன்சிலர் மரியாதையாகத்தான் கேட்டார். அழகான, கார் இல்லாத பாதை தந்தால் அதில் போக மாட்டீர்களா?

"ஞாயிற்றுக்கிழமை போவன்" என்றாள். "பிள்ளையையும் இருத்திக்கொண்டு போவன். வேலைக்குப் போகமாட்டன்."

"ஏன்?"

"இருட்டு. மரத்துக்குள்ளை விழுந்தா ஆர் காணுறது? ரோட்டிலை விழுந்தா ஏசிறதுக்கெண்டாலும் ஒருத்தன் நிப்பாட்டுவான்."

இந்த இடத்தில் எனக்கு ஒரு சோதனை. இதைக் கொஞ்சம் பதமாக, படித்த ஆள் கதைப்பதுபோல மாற்றிச் சொல்லவா என்று ஒரு நொடி யோசித்தேன். முன்வரிசையில் செல்வம் அண்ணை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார், அவருக்கு இரண்டு மொழியும் விளங்கும். அவள் சொன்னதை அப்படியே சொன்னேன். மண்டபம் சிரித்தது. ஆனால் அது கேலிச் சிரிப்பில்லை. தாங்களும் சைக்கிள்காரரை ஏசியவர்கள் என்று தெரிந்தவர்களின் சிரிப்பு. நாய் வைத்திருந்த ஒரு வயோதிபர் தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்தார்.

செல்வம் அண்ணை எழுந்தார். நான் பயந்தேன். அவர் திரும்பி அவளிடம் தமிழில் கேட்டார்.

"பிள்ளை, நீ என்ரை கடையிலைதானே பாண் வாங்கிறனி?"

"ஓம் அங்கிள்."

"சைக்கிளை எங்கை விடுறனி? நான் ஒரு நாளும் காணேல்லையே."

"பின்னாலை, குப்பைத் தொட்டியோடை கட்டிறனான்."

"ஏன் பிள்ளை குப்பைத் தொட்டியோடை?"

"முன்னாலை விட்டா கார்க்காரர் பேசுவினம் அங்கிள்."

அவர் என்னைப் பார்த்து, "உதையும் மொழிபெயரும் காணும்" என்றார். நான் மொழிபெயர்த்தேன். "ஒரு பக்கம் எண்டாலும் கார் விட இடம் வேணும். அதை விட்டுக் குடுக்கமாட்டன்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டார். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அதிகாரி எழுந்தார். பிளாசாப் பக்கம் கார் நிற்கட்டும், மறுபக்கத்தில் கார் விடுகிற இடத்தை எடுப்போம், தெருவின் நடுக்கோட்டைத் தள்ளி வைத்து இரண்டு பக்கமும் சைக்கிளுக்கு இடம் எடுப்போம் என்றார். ஒருவருக்கும் முழுத் திருப்தி இல்லை. ஆனால் ஒருவரும் எழுந்து போகவும் இல்லை. ஆற்றோரப் பாதையைக் கைவிடவில்லை, பின்னுக்குத் தள்ளினார்கள். சில வருடங்கள் கழித்து அதுவும் வந்தது. நான் அதில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓடுகிறேன். இன்றைக்கும் எனக்குப் பிடித்த பாதை அதுதான்.

ஆகவே பிள்ளைகளே, பாத் நல்லதா லேன் நல்லதா என்று கேட்டால் என்னிடம் ஒரு சொல்லில் பதில் இல்லை. யார் போகிறார்கள், எந்த நேரம் போகிறார்கள், விழுந்தால் யார் காண்பார்கள் என்று கேட்டுப் பாருங்கள். சீற்றில் இருந்து பாருங்கள். உங்கள் சனம் என்றாலும் கேட்காமல் முடிவு கட்டாதீர்கள். கண்டது கணக்கோடு ஒத்து வராவிட்டால், நீங்கள் அங்கே நின்றதே அதற்குக் காரணமா என்றும் ஒருமுறை யோசியுங்கள்.

கடைசியாக ஒன்று. குளிர் போய் வெயில் வந்த பிறகுதான் கோடு பூசினோம். பூச்சு காய்ந்து, கூம்புகளை எடுக்கிற அன்று காலை நான் பாலத்தடியில் நின்றேன். செம்மஞ்சள் சட்டை, தொப்பி, கையில் கூம்பு. எனக்குப் பின்னால் மஞ்சள் விளக்கு சுழன்றுகொண்டிருந்தது. தூரத்தில் கூடை வைத்த சைக்கிள் வருவதைக் கண்டேன். என் சட்டையைக் கழற்றி எறியலாமா என்றுகூட நினைத்தேன், வேலை விதி விடாது. இறங்காதை தங்கச்சி என்று கத்த வாய் வந்தது. அதையும் அடக்கிக்கொண்டேன். அது நான் சொல்லி நடக்க வேண்டிய காரியம் இல்லை.

சைக்கிள் மெதுவானது. அவளுடைய ஒரு கால் மிதியை விட்டு இறங்கி, தாருக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் தொங்கிக்கொண்டு வந்தது. என்னைப் பார்த்தாள். கீழே புதிதாகப் பூசிய கோட்டைப் பார்த்தாள். கால் திரும்பி மிதிக்குப் போனது. கிணிங் கிணிங் என்று மணியை அடித்தாள்.

"அண்ணை, விலத்துங்கோ! சைக்கிள் போற இடத்திலை நிக்கிறியள்!"

குனிந்து பார்த்தேன். உண்மைதான், கோட்டுக்கு உள்ளேதான் நின்றேன். கூம்பையும் தூக்கிக்கொண்டு நடைபாதையில் ஏறி நின்றேன். அவளுக்குப் பின்னால் வந்தவர்களும் ஒருவரும் இறங்கவில்லை. எல்லாரும் போய் முடியும் வரைக்கும் நான் அங்கேயே விலத்தி நின்றேன்.